சகோதரர்கள் சங்கத்தின் பெரிய டிரம்காரி

இன்று காலை பக்கத்து வீட்டில் நிச்சயதார்த்தத்துக்காகப் பித்தளைக் குத்துவிளக்குகளுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்கள். தகர டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறுமே, மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் கலந்ததுபோல ஒரு வாசனை, அது வேலியைத் தாண்டி என் சமையலறைக்குள் வந்துவிட்டது. தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். தோசை கருகியது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. நீ இருந்திருந்தால் அந்த நிமிஷமே போன் செய்திருப்பேன். நீ இல்லை, அதனால் எழுதுகிறேன்.

ஊட்டிக் கல்லூரியின் பின்கட்டில், தைல மரங்களுக்கு அடியில், பழைய வேட்டித் துணியைக் கிழித்து நாம் வாத்தியங்களைத் துடைத்த நாள்களின் வாசனை அது. உன் கைவிரல்கள் கறுத்துப்போகும். அதே கையால் எனக்குப் பொரி ஊட்டுவாய். "செத்துப்போக மாட்ட, தின்னு புள்ள" என்பாய்.

எழுபதுகளின் நடுவில், கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உன்னை எனக்குத் தெரியும். சிலோனிலிருந்து எங்கள் குடும்பம் கப்பலேறி வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிளாக்கராக இருந்த அப்பா, குன்னூருக்குக் கீழே அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் வேலைக்கு வந்திருந்தார். கேன்டீனில் நான் பழக்கதோஷத்தில், "ஒரு பாணும் தேத்தண்ணியும் தாங்க" என்று கேட்டுவிட்டேன். பின்னால் நின்ற பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரொட்டியைப் பாண் என்பதில் என்ன சிரிப்பு என்று எனக்குப் புரியவில்லை. கண் கலங்கிவிட்டது. அப்போது இரட்டைச் சடையும் மஞ்சள் ஸ்வெட்டருமாக ஒருத்தி எனக்கு முன்னால் வந்து நின்று, கேன்டீன்காரரிடம் சத்தமாகச் சொன்னாள்:

"அண்ணா, எனக்கும் ஒரு பாணு, ஒரு தேத்தண்ணிங்க."

அதுதான் நீ. குன்னூர் கடைவீதியில் ஜவுளிக் கடை வைத்திருந்தவரின் மகள். உன் தாத்தா காலத்தில் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம். அந்த வாரம் முடிவதற்குள் நம் வகுப்பில் பாதிப்பேர் பாண் கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

இருவரும் குன்னூரிலிருந்து மலை ரயிலில்தான் போய் வந்தோம். இன்று அந்த ரயிலில் டிக்கெட் கிடைப்பதே பெரும்பாடு. அன்று அது நமக்கு நகரும் திண்பண்டக் கடை, நகரும் வம்புமடம். லவ்டேல் ஸ்டேஷனில் வண்டி நின்றிருந்த ஒரு நாள் என் பையில் துருத்திக்கொண்டிருந்ததைக் காட்டி, "அதென்ன புள்ள, புனலா?" என்று கேட்டாய். என் கார்னெட்டை எடுத்துக் காட்டினேன். டிரம்பெட்டுக்குக் குட்டித் தங்கச்சி மாதிரி இருக்கும் ஊதுவாத்தியம். பண்டாரவளையில் நான் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் பேண்டு இருந்தது. அதில் நான் கார்னெட். ஊரைவிட்டுக் கிளம்பும்போது பேண்டு டீச்சர் அதை என் மடியில் வைத்து, "இதுக்கு இந்தியாவுல நீதான் பொறுப்பு" என்றார்.

ராமேஸ்வரத்தில் இறங்கிய கதையையும் உனக்கு அன்றுதான் சொன்னேன். பெட்டிகளைச் சோதித்த அதிகாரி கார்னெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விற்கக் கொண்டுவந்ததாக நினைத்துவிட்டார். "உன்னோடதுன்னா ஊதிக் காட்டு" என்றார். சுற்றிலும் தகரப் பெட்டிகளும் பாய்ச் சுருட்டுகளும். இந்தக் கரையில் யாரைத் தெரியும் என்று அழுதபடி உட்கார்ந்திருந்த எங்கள் சனம். நான் கண்ணை மூடிக்கொண்டு பள்ளிக்கூடத்து அணிவகுப்பு மெட்டை ஊதினேன். அழுதுகொண்டிருந்த கிழவி ஒருத்தி நிமிர்ந்து, "யாருக்குடி கல்யாணம்?" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதிகாரியும் சிரித்துக்கொண்டே, போகலாம் என்று பெட்டியில் சாக்பீஸால் குறி போட்டார்.

நீ சிரிக்கவில்லை. "அப்ப நீ நம்ம காலேஜ் பேண்டுல சேரோணும்" என்றாய்.

சேர முடியாது என்பது நம் இருவருக்கும் தெரியவில்லை. கல்லூரி பேண்டு ஒரு சங்கம். அதற்குத் தனி அறை, சேவல் இறகு வைத்த பச்சைத் தொப்பி, வாசலில் 'பேண்டு சகோதரர்கள்' என்று பலகை. புதிதாகச் சேருகிறவன் உறைபனி விழுந்த காலையில் குழாயடியில் தலையை நனைத்து, "சாகும்வரை சகோதரன்" என்று கத்த வேண்டும். அப்படிச் சேர்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் பரீட்சைக்குக் குறிப்பு கொடுப்பார்கள், காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுபோவார்கள், வேலை கிடைத்துப் போன பழைய மெம்பர்கள் புதியவர்களுக்கு வேலை தேடித் தருவார்கள். வாத்தியம் ஊதுவதற்கு மேலே அதில் அவ்வளவு இருந்தது. பெண்களுக்கோ காலையில் கடவுள் வாழ்த்துப் பாடும் பாட்டுக் குழு.

சங்கத்தின் செயலாளர் தாமோதரன். மூன்றாம் வருடம், டிரம்பெட். நல்ல மனிதர்தான். வாசலிலேயே நிறுத்தி மரியாதையாகப் பேசினார்.

"சிஸ்டர், பாட்டுக் குழு இருக்குதுங்களே. அங்க போலாமுங்களே."

"இவ பாட மாட்டாளுங்க. ஊதுவாளுங்க" என்றாய் நீ.

"சங்கத்து விதியில மாணவர் மட்டும்னு இருக்குதுங்க."

"நாங்களும் மாணவர்தானுங்களே?"

"மாணவர்னா பசங்கதானுங்க."

"அப்படீங்களா? பரீட்சை ஹால் வாசல்ல 'மாணவர்கள் அமைதி காக்கவும்'னு போட்டிருக்குது. இனி நாங்க உள்ள கத்தலாமுங்களா?"

தாமோதரனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கதவு திறக்கவில்லை.

உனக்கு அன்றுவரை எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. எனக்காகத்தான் கோபப்பட்டாய். ரயிலில் லவ்டேல் தாண்டுவதற்குள், பெண்களுக்கு நாமே ஒரு பேண்டு தொடங்குவது என்று முடிவாகிவிட்டது. குன்னூர் கல்யாண பேண்டு செட்காரர் உன் அப்பா கடையில்தான் சீருடைத் துணி எடுப்பார். ஆடி மாதம் கல்யாணம் இல்லை, வாத்தியமெல்லாம் பரணில் சும்மா கிடக்கிறது என்று கண்டுபிடித்தது நீ. ஆவணி பிறந்த பிறகும் அவர் தரத்தான் செய்தார். முகூர்த்த நாள்களில் மட்டும் நமக்குப் பயிற்சி கிடையாது. மைசூர்ப் பட்டுச் சரிகைபோலத் தோரணம் சுற்றிய அந்தப் பெரிய டிரம்மைப் பார்த்ததும், "இது எனக்கு" என்று கட்டிக்கொண்டாய். உன் உயரத்துக்கு, டிரம்முக்குக் கால் முளைத்து நடப்பதுபோல இருந்தது.

பத்துப் பெண்கள் சேர்ந்தார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததை நான் சொல்லிக்கொடுத்தேன். குளிரில் ஊதுவாயில் உதடு ஒட்டிக்கொள்ளும். டீயில் முக்கி எடுத்து ஊதுவோம். ரயில் பெட்டியின் மர இருக்கையில் தாளம் தட்டித் தட்டி, மார்க்கெட்டுக்குப் போகும் காய்கறிக்காரர்கள், "ஏனுங்கம்மா, கொஞ்ச நேரம் தூங்க உடுங்க" என்று கெஞ்சுவார்கள்.

டிரம் உருண்ட நாளை மட்டும் மறக்க முடியாது. சரிவில் நின்று பயிற்சி செய்துகொண்டிருந்தோம். உன் தோள்வார் அறுந்தது. டிரம் ஒரு முறை தயங்கி நின்று, பிறகு உருள ஆரம்பித்தது. நீ, "டேய், நில்லு! நில்லுடா!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினாய், ஏதோ ஓடிப்போன மாட்டைத் துரத்துவதுபோல. அது தைல மரம் ஒன்றில் மோதி, 'டம்' என்று ஒரு சத்தம் போட்டு, திசை மாறி, கீழே கேரட் தோட்டத்துக்குள் போய் விழுந்தது. தோட்டக்காரர் சண்டைக்கு வருவார் என்று பயந்தோம். அவர் டிரம்மைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மேலே ஏறி வந்து, "இதுதான் இத்தன நாளா சத்தம் போட்டதுங்களா?" என்று கேட்டு, தானும் ஒரு அடி அடித்துப் பார்த்துவிட்டுப் போனார். சகோதரர்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கைதட்டினார்கள். நீ குனிந்து வணக்கம் சொன்னாய்.

மார்கழிப் பனியில்தான் போஜன் வந்தான். ஜெகதளாவிலிருந்து வரும் படகர் வீட்டுப் பையன். ஒல்லி. பட்டாள பேண்டில் இருந்த மாமாவிடம் கிளாரினெட் கற்றவன். சகோதரர்கள் அவனைச் சேர்த்துக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார்கள். ஆனால் அவனுக்கு மூச்சிழுப்பு நோய். உறைபனியில் தலையை நனைக்க முடியாது என்று சொல்லிவிட்டான். சடங்கு இல்லாமல் சேர்க்க விதி இல்லை என்றார்கள். தைல மரத்தடியில் நம்முன் வந்து நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"உங்க பேண்டுல ஒரு இடம் கெடைக்குங்களா?"

சைடு டிரம் அடித்த சரோஜாதான் முதலில் பேசினாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. "பொண்ணுங்க மட்டும்னு சொல்லித்தான் என்ற ஊட்டுல உட்டிருக்காங்க. ஒரு பையன் வந்தான்னு தெரிஞ்சா என்ற அண்ணன் அன்னைக்கே நிறுத்திப்போடுவான். காலேஜையும் சேத்து."

எனக்கும் அதே பயம். தோட்டத்தில் எங்களை இன்னும் சிலோன்காரர்கள் என்றுதான் பேசுவார்கள். "மகள், நாம இந்த ஊருக்குப் புதுசு. நம்மப் பத்தி ஒரு பேச்சு வந்திரக் கூடாது" என்று அப்பா வாரம் ஒரு முறையாவது சொல்வார். பேண்டே போய்விடும் என்றால் ஒரு கிளாரினெட் எதற்கு?

நீ போஜனை ஊதச் சொன்னாய். ஊதினான். பனிக்குள் அந்தச் சத்தம் கதகதப்பாக வந்தது. முடிந்ததும் நீ எங்களைப் பார்த்துச் சொன்னாய்:

"நம்மள வாசல்ல நிறுத்துனப்ப எப்படி இருந்துச்சு? அதே வாசல்ல இவன நிறுத்தறதுக்கா இத ஆரம்பிச்சோம்?"

"ஊட்டுல என்ன சொல்றது?" என்றாள் சரோஜா.

"ஒளிச்சு வெச்சாத்தான் பேசுவாங்க. தொறந்து வெச்சா எட்டிப் பாத்துட்டுப் போயிருவாங்க. ஊட்டுக்காரங்க எல்லாரையும் கூப்பிடறேன்."

அப்படியே செய்தாய். ஒவ்வொரு வீட்டுக்கும் நீயே போனாய். எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்கு மழையில் நனைந்துகொண்டு வந்து, அப்பாவிடம், "ஏனுங்க மாமா, ஞாயித்துக்கிழமை உங்க மக ஊதறதக் கேக்க வரோணுங்க" என்று சொன்னபோது அவரால் மறுக்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேரட் தோட்டத்து மேட்டில் ஜமக்காளம் விரித்து, உன் அம்மா போட்டனுப்பிய போண்டாவோடு நம் குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. முதலில் ஒவ்வொரு குடும்பமும் ஜமக்காளத்தின் ஒவ்வொரு மூலையைப் பிடித்துக்கொண்டது. சரோஜாவின் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றே இருந்தார். நாம் வாசித்தோம். போஜன் நம் நடுவில் நின்று ஊதினான். முடிந்ததும், வெள்ளைத் துணியைத் தலையில் கட்டியிருந்த போஜனின் அம்மா, பக்கத்தில் இருந்த என் அப்பாவிடம் திரும்பினாள்.

"ஐயா, இவன நாங்க ஊட்டுல ஊத உடறதில்ல. ஊதுனா எம்மெ பால் சுரக்காது." எருமையை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். "இந்தப் பொண்ணுக தெகிரியமா பக்கத்துலயே நிக்குதுகளே!"

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். இந்தியா வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "அம்மா, எங்க தோட்டத்துல விடியக்காலம் தப்பு அடிச்சுத்தான் ஆள எழுப்புவாங்க. எங்களுக்கு இது தாலாட்டு" என்றார். பிறகு இருவரும் எருமையையும் தேயிலையையும் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சரோஜாவின் அண்ணன் போண்டாவை எடுத்துக்கொண்டு கடைசியாக உட்கார்ந்தார். "எல்லாரு ஊட்டுலயும் தெரியுமில்ல, அப்புறம் என்ன" என்றார். நீ டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னைக் கிள்ளினாய். அந்தக் கிள்ளு எனக்கு இன்னும் வலிக்கிறது.

பிறகு வந்தது விளையாட்டு விழா. சகோதரர்களின் பெரிய டிரம்காரனுக்கு அம்மை போட்டுவிட்டது. பெரிய டிரம் இல்லாமல் அணிவகுப்பு எப்படி நடக்கும்? தாமோதரன் நம் மரத்தடிக்கு வந்து நின்றார். அவர் நிற்க, நாம் உட்கார்ந்திருந்தோம்.

"சிஸ்டர், ஒரு நாளைக்கு மட்டும் நீங்க வந்து அடிச்சுக் குடுத்தா…"

"இரவலுக்கு வர மாட்டனுங்க" என்றாய். "மெம்பரா சேத்துனா வர்றேன். நான் மட்டுமில்ல. இவ, சரோஜா, போஜன், எல்லாரும். தலைய நனைக்கற வேலையும் இனி வேண்டாமுங்க. இழுப்பு இருக்கறவன் என்ன பண்ணுவான்?"

"சடங்கு இல்லாம எப்படிங்க?"

"வேற வெக்கலாம். புதுசா சேர்றவங்க பெரிய டிரம்மத் தூக்கிட்டு கிரவுண்ட ஒரு சுத்து வரட்டும். என்ன தூக்கறோம்னு தெரிஞ்சுக்கட்டும்."

உள்ளே போய் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். ஜன்னல் வழியாகக் கேட்டது. தாமோதரனின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே. "பொண்ணுக பேண்டு போஜனச் சேத்துக்குச்சு. நம்மளால முடியலீன்னா வெக்கமா இல்லையாடா?" கடைசியில் கதவு திறந்தது. அவர் கையில் பச்சைத் தொப்பிகள். உன் இரட்டைச் சடைக்கு மேலே அது நிற்கவே இல்லை. ஹேர்பின் குத்தி நிறுத்தினோம். அடுத்த வாரம் பலகையில் 'சகோதரர்கள்' போய், 'மாணவர் பேண்டு' வந்தது. பெயின்ட் அடித்தது நீதான். கேட்டவர்களுக்கெல்லாம், "மாணவர்னா எல்லாரும்தானுங்க" என்று விளக்கம் சொன்னாய்.

விழா நாளில் வெயில் அடித்தது. ஊட்டியில் அதுவே பெரிய விழா. ஆணும் பெண்ணும் கலந்து வரிசையாக மைதானத்தில் இறங்கியபோது சிலர் சீட்டியடித்தார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். நீ ஒரு அடி அடித்தாய். அதற்குப் பிறகு எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை.

காலம் நம்மை வேறு வேறு திசையில் கொண்டுபோனது. நீ பொள்ளாச்சியில் வாழ்க்கைப்பட்டு, பிறகு அப்பாவின் கடையைப் பார்க்கக் குன்னூருக்கே திரும்பினாய். நான் கூடலூரில் டீச்சரானேன். மலையாளம் கலந்து பேசும் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கொண்டு பேண்டு அமைத்தேன். எனக்கு முதல் வேலையை வாங்கித் தந்தது சங்கத்தின் பழைய மெம்பர் ஒருவர். போஜனின் மகள் படிப்பு நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டவள் நீ. உன் பிரசவத்தில் ரத்தம் கொடுக்க இரவல் ஜீப்பில் வந்திறங்கியவர் தாமோதரன். அந்தக் கதவுக்குள் என்ன இருந்தது என்பது இப்படி ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது.

நீ போன அன்று காலை உன் மகள்தான் போன் செய்தாள். "அத்தை, கார்னெட்ட எடுத்துட்டு வாங்க" என்றாள், வேறெதுவும் சொல்லாமல். நான் வந்தபோது உன் வீட்டு வாசலில் போஜன் கிளாரினெட்டோடு நின்றிருந்தான். தலை முழுக்க நரை. சரோஜா திருப்பூரிலிருந்து சைடு டிரம்மோடு வந்திருந்தாள். தாமோதரன் ஊன்றுகோலோடு வந்து டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பெரிய டிரம்மை உன் மகள் தோளில் மாட்டியிருந்தாள். நீ சொல்லிக்கொடுத்திருக்கிறாய், எங்களுக்குத்தான் தெரியாது.

கடைவீதி வழியாக நடந்தோம். நாங்கள் ஊதியது அந்த விளையாட்டு விழா மெட்டு. சோகப்பாட்டு எதுவும் எங்களுக்குத் தெரியாது. கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். தெரு முனையில் உன் சொந்தக்காரப் பெரியவர் ஒருவர் கையை நீட்டித் தடுத்தார். பெண்கள் அதற்கு மேலே மயானத்துக்கு வருவது வழக்கமில்லை.

"பொம்பளைங்க இங்கயே நின்னுக்குங்க."

நானும் சரோஜாவும் உன் மகளும் நின்றோம். தாமோதரன் திரும்பிப் பார்த்தார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"ஏனுங்க, இவங்க எங்க சங்கத்து மெம்பருங்க. மெம்பர நாங்க பாதி வழியில நிறுத்தறதில்லீங்க."

பெரியவர் உன் மகளின் முகத்தைப் பார்த்தார். கையை இறக்கினார். நாங்கள் நடந்தோம். கடைசிவரை வந்தோம்.

அந்த வழியில் ஒன்று நடந்தது, அதை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். நீ எப்போதும் ஒரு நூல் பிந்தித்தான் அடிப்பாய். எத்தனை முறை சொல்லியும் திருந்தவில்லை. கடைசியில் நாங்கள்தான் உனக்காக ஒரு மூச்சு நிறுத்தி, உன் அடி விழுந்த பிறகு அடுத்த சுரத்தை எடுக்கப் பழகினோம். உன் மகள் அப்படியில்லை, நேரத்துக்குச் சரியாக அடிக்கிறாள். அவள் அடித்தாள், நாங்கள் நாலு பேரும் உனக்காக நிறுத்தினோம், மெட்டு அப்படியே குலைந்து சரிந்தது. ஒருவரை ஒருவர் பார்த்தோம். போஜனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. உன்னைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறார்கள், பின்னால் நாங்கள் அழுதுகொண்டே சிரித்தோம். பிறகு உன் மகளே புரிந்துகொண்டு, ஒரு நூல் பிந்தி அடிக்க ஆரம்பித்தாள். மெட்டு நிமிர்ந்து நின்றது.

சனிக்கிழமைகளில் இன்றும் பிள்ளைகளுக்கு ஊதக் கற்றுக்கொடுக்கிறேன். "டீச்சர், அந்த எடத்துல ஏன் நிறுத்தறீங்க?" என்று கேட்கிறார்கள். அங்கே ஒரு அடி விழும், கேட்டுவிட்டு ஊதுங்கள் என்கிறேன். அவர்களும் நிறுத்துகிறார்கள்.